எஞ்சின் செத்த காரை ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஹரோவில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு கார்கள் வந்தன.

காலையில் வந்தது பெரியம்மாவின் மகன், அண்ணாவின் கார். வெள்ளை நிறம், ஜெர்மன் தயாரிப்பு, உள்ளே இன்னும் பிளாஸ்டிக் மணம். அம்மா நாலு தேசிக்காய் எடுத்துக்கொண்டு ஓடிவந்து ரயர்களுக்குக் கீழே வைத்தார். போனட்டில் சந்தனம் பூசினார். "முன்னுக்கு எடு தம்பி" என்றார். தேசிக்காய் நசிந்தது. எல்லோரும் படம் எடுத்தோம்.

மத்தியானம் வந்தது என்னுடைய கார். ரிக்கவரி லொறியின் முதுகில் வந்தது. 2004ஆம் ஆண்டு பதிந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8. எஞ்சின் செத்துவிட்டது. அது தெரிந்துதான் வாங்கினேன். எழுநூறு பவுண், கையில் எண்ணிக் கொடுத்த காசு. அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடினார். பிறகு கதவை அரைவாசி திறந்து, "ஆக்கள் பாக்க முன்னம் உதைப் பின்னுக்கு விடு பிள்ளை" என்றார். செத்த கார் தானாகப் பின்னுக்குப் போகுமா? நானும் தம்பியும் லொறிக்காரரும் சேர்ந்து தள்ளினோம். அண்ணா தள்ள வரவில்லை. புதுச் சப்பாத்து போட்டிருந்தார்.

அன்றையிலிருந்து கலியாண வீடு, கோயில், பிறந்தநாள் என்று எங்கே போனாலும் எனக்கு ஒரே கேள்விதான். "செத்த காருக்குக் காசு குடுத்தனியாம், உண்மையோ?" சிரித்துச் சமாளித்தே இரண்டு வருடம் போய்விட்டது. இன்றைக்குச் சிரிக்காமல் பதில் எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். அந்தச் சனிக்கிழமை எங்கள் வாசலில் நின்ற இரண்டு கார்களில் ஒன்றுதான் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமானது. அது செத்த கார். தேசிக்காய் நசித்த கார் வேறு யாருடையதோ.

அண்ணாவின் கணக்கு

அண்ணா அந்தக் காரை எடுத்தது பிசிபி என்கிற திட்டத்தில். இங்கிலாந்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் புதுக் காரில் வந்தால் பல வேளைகளில் அது இந்தத் திட்டமாகத்தான் இருக்கும். முதலில் ஒரு தொகை கட்டவேண்டும். பிறகு மூன்று நாலு வருடத்துக்கு மாதாமாதம் தவணை. கடைசியில் காரை வைத்திருக்க விரும்பினால் ஒரு பெரிய தொகையை ஒரே தடவையில் கட்டவேண்டும். கட்டமுடியாவிட்டால் திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அதே கடையில் இன்னொரு புதுக் காருக்குக் கையெழுத்துப் போடவேண்டும்.

அண்ணா எனக்குச் சொன்ன எண்கள் இவை. முதல் தொகை 3,000 பவுண். மாதம் 389 பவுண் வீதம் 48 மாதம். கடைசித் தொகை 17,500. ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். நாலு வருடத்தில் அவர் கட்டுவது 21,672 பவுண். அந்த நாள் வரும்போது அவருக்குச் சொந்தமாக ஒரு ரயர்கூட இல்லை. இன்னும் 17,500 வைத்தால்தான் கார் அவருடையது.

"என்ரை பேரிலைதானே புத்தகம் இருக்கு" என்று அண்ணா வாதாடினார். இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுப் பத்திரத்தையே எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் பெயர் இருப்பவர் காரை வைத்திருப்பவர் மட்டும்தான், சட்டப்படி உரிமையாளர் என்பதற்கு அது சான்று இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. கடைசித் தொகையைக் கட்டும்வரை உரிமையாளர் கடன் கொடுத்த கம்பனி. வருடத்துக்கு எத்தனை மைல் ஓடலாம் என்பதுகூட ஒப்பந்தத்தில் இருக்கும். கூட ஓடி, காரைத் திருப்பிக் கொடுத்தால் மைலுக்கு இத்தனை பென்ஸ் என்று தண்டம். பேர்மிங்ஹாமில் இருக்கிற அம்மம்மாவைப் பார்க்கப் போக அண்ணா எங்கள் அப்பாவின் பழைய டொயோட்டாவைக் கேட்டு வாங்கினார். ஏனென்று இப்போது விளங்குகிறதா?

இன்னொன்றும் சொல்கிறேன், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு உதவும். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, மொத்தமாகக் கட்டவேண்டிய தொகையில் பாதியைக் கட்டியபின் ஒப்பந்தத்தை முடித்துக் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த மொத்தத்தில் கடைசிப் பெரிய தொகையும் சேரும். அண்ணாவுக்கு மொத்தம் 39,172. பாதி 19,586. அவர் அந்தப் பாதியைத் தொடுவது 43ஆவது மாதத்தில். ஒப்பந்தமே 48 மாதம்தான்!

இதைக் கடையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "மாசம் எவ்வளவு கட்டலாம்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. கார்க் கடன்களில் வட்டியை விற்பவரே கூட்டிக் குறைத்து, அதற்கேற்றபடி தன் தரகைக் கூட்டிக்கொள்ளும் முறை இந்த நாட்டில் வருடக்கணக்காக நடந்தது. நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ அதை 2021 ஜனவரியில்தான் தடை செய்தது. அதுவரை கடைக்காரர் சிரித்துக்கொண்டு கோப்பி போட்டுத் தந்ததற்கும் சேர்த்து எத்தனையோ பேர் வட்டி கட்டியிருக்கிறார்கள்.

அண்ணா முட்டாள் இல்லை. கணக்கியல் படித்தவர். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவரை அந்தக் கடைக்குள் தள்ளினோம். சாமத்தியவீட்டுக்கு ஒரு நாள் வாடகையில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்து, அதன் முன்னால் பிள்ளையை நிறுத்திப் படம் பிடிக்கிற ஆட்கள் நாங்கள். அந்தப் படத்தில் கார் யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. கார் ஓடுகிறதா, மினுங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு எழுநூறு பவுண் கார் அவமானமாகத்தான் தெரியும்.

என் கணக்கு

இப்போது என் பக்கம். ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் "ஐந்நூறு பவுணுக்கு ஸ்போர்ட்ஸ் கார்" என்று காட்டுகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

கார் 700. லொறிக் கூலி 120. எஞ்சினை நாங்களே கழற்றி, ரோட்டரி எஞ்சின் மட்டும் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கட்டி எடுக்க 3,600. புதுக் கொயில், பிளக், வயர் எல்லாம் 350. கிளட்ச் 250. ரயர் 360. எஞ்சின் தூக்கும் கிரேன் வாடகை, ஒயில், சில்லறைச் சாமான்கள் 220. மொத்தம் 5,600 பவுண். பதின்மூன்று மாதம் எடுத்தது. மாதத்துக்குப் பிரித்தால் 430 பவுண் வருகிறது. அண்ணாவின் தவணையைவிடக் கூட!

விற்றால் நான் போட்ட காசு திரும்பி வராது. மூவாயிரத்துச் சொச்சம் வந்தால் பெரிய காரியம். பெற்றோல் குடிக்கும். இன்சூரன்ஸ் வருடத்துக்கு 1,700. வேலைக்கு நான் இன்றைக்கும் மெற்றோபொலிட்டன் ரயிலில்தான் போகிறேன். ஆகவே இது லாபமான வழி என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. என்னுடைய 430 பவுண் பதின்மூன்றாவது மாதத்தோடு நின்றுவிட்டது. கார் என்னுடையது. நாளைக்கு வேலை போனாலும் அதை எடுத்துப்போக ஒருவரும் வரமுடியாது. அண்ணா இந்த இரண்டு வருடத்தில் 12,336 பவுண் கட்டிவிட்டார், இன்னும் 24 மாதம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் யார் விளையாட்டுத்தனமாகக் காசு செலவழித்தது என்று கலியாண வீட்டில் என்னைக் கேட்டவர்கள் எழுதி அனுப்பட்டும்.

எஞ்சின் தானாகச் சாகவில்லை

"எஞ்சினே செத்த கார் எண்டால் அது கூடாத கார்தானே?" இது மாமாவின் கேள்வி. இல்லை மாமா.

ஆர்எக்ஸ்-8இன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் ஊதின முக்கோணம் போன்ற இரண்டு ரோட்டர்கள், இடுப்பு ஒடுங்கின முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழலும். இந்த யோசனை பீலிக்ஸ் வான்கெல் என்கிற ஜெர்மன்காரருடையது. 1957இல் என்எஸ்யு கம்பனியில் முதல் எஞ்சின் ஓடியது. அதே கம்பனி 1967இல் ஆர்ஓ 80 என்று ஒரு அழகான காரை விட்டது. எஞ்சின்கள் சீக்கிரமே தேய, உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தே கம்பனி தளர்ந்தது. 1969இல் வொக்ஸ்வாகன் கைக்குப் போனது. ஜப்பானில் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய குழுவும் அதே எஞ்சினோடு மல்லுக்கட்டினார்கள். கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. பேயின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். விடாமல் நின்று அந்தக் கீறலைத் தீர்த்து, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டார்கள். 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மஸ்டா 787பி வென்றது இந்த வகை எஞ்சினோடுதான். ஆர்எக்ஸ்-8இன் எஞ்சின் 2003இல் அந்த ஆண்டின் சர்வதேச எஞ்சின் விருதை வாங்கியது. 1.3 லீற்றரில் 231 குதிரைவலு.

ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் மெல்லிய சீல் ஒன்று இருக்கும். இரண்டு ரோட்டருக்கும் ஆறு. இவை எந்நேரமும் சுவரில் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்காக எஞ்சினே கொஞ்சம் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும். ஒயில் குறைவது பழுது இல்லை, அது அமைப்பு. ஆனபடியால் ஒயில் கோலை அடிக்கடி இழுத்துப் பார்த்து ஊற்றவேண்டும். கொயில் பலவீனமானால் உடனே மாற்றவேண்டும், இல்லாவிட்டால் எரியாத பெற்றோல் சீலின் ஒயிலைக் கழுவிவிடும், புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரையும் அடைக்கும். குளிரில் ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே நிறுத்தினால் பிளக்குகள் பெற்றோலில் நனைந்து பிறகு ஸ்டார்ட் ஆகாது.

இதெல்லாம் கையேட்டை வாசிப்பவருக்குத் தெரியும். என் காரை எனக்கு முன் வைத்திருந்தவர்கள் வாசிக்கவில்லை. விற்றவரிடம் கடைசியாக எப்போது ஒயில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சேர்விஸுக்குக் குடுக்கேக்கை பாத்திருப்பினம்" என்கிற மாதிரி ஒரு பதில் ஆங்கிலத்தில் வந்தது. அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கேள்வி கேட்டது நான், பதில் போனது என் தம்பிக்கு. தம்பிக்குப் பதினேழு வயது, ஒயில் எங்கே ஊற்றுவதென்றே தெரியாது. "பொம்பிளைப் பிள்ளைக்கு உது ஏன்" என்று கேட்ட மாமிமாருக்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பயப்படவேண்டியது எந்தக் காருக்கு?

செத்தது என்று சொல்லி விற்கிற கார் நேர்மையான கார். அதன் விலையில் அதன் சாவும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் பயப்படவேண்டியது ஆயிரத்தைந்நூறு பவுணுக்கு "நல்லா ஓடுது, ஒரு கொயில் மட்டும் மாத்தவேணும்" என்று வருகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு. அதில் நீங்கள் வாங்குவது கார் இல்லை, நம்பிக்கை. தனியாளிடம் வாங்கினால் சட்டமும் பெரிதாக உதவாது. கடையில் வாங்கும் பொருளுக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிற தரப் பாதுகாப்பு தனியாள் விற்பனைக்குக் கிடையாது. சொன்னபடி இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

ஆகவே என் விதி ஒன்றுதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும், எஞ்சின் செத்தது என்றே விலையைக் கணக்குப் போடுங்கள். எஞ்சின் கட்டுகிற காசு வங்கியில் இல்லாவிட்டால் காரைப் பார்க்கவே போகாதீர்கள். ஓடுகிற காரைப் பார்க்கப் போனால் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். குளிரில் உடனே ஓடி, சூட்டில் திணறினால் சீல் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கவேண்டும். ரோட்டரிக்கென்று உள்ள கருவியால் கொம்பிறெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண கருவி ஒரு எண்தான் காட்டும், இதற்கு ஒரு ரோட்டருக்கு மூன்று எண் வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 8.3 பார் இருந்தால் புதிது போல. 6.8க்குக் கீழே என்றால் முடிந்தது.

எஞ்சினைவிட முக்கியமானது கறள். எஞ்சினைக் கழற்றிக் கட்டலாம், உடம்பு உக்கிப்போன காரை ஒருவரும் காப்பாற்றமுடியாது. காரின் இலக்கத்தை அரசாங்கத் தளத்தில் போட்டால் பழைய எம்ஓடி சோதனை முடிவுகள் இலவசமாக வரும். அதில் "கறள்" என்று எத்தனை வருடமாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்துவிட்ட காரா என்றும் காசு கட்டித் தேடுங்கள். கழித்த காருக்கு எஸ் அல்லது என் என்ற எழுத்து இருக்கும், 2017 ஒக்டோபருக்கு முன் என்றால் சி அல்லது டி. பதிந்த திகதியும் பாருங்கள். 2006 மார்ச் 23க்கு முன் பதிந்த கார் என்றால் இந்த வகைக்கு வீதி வரி குறைவு. அதற்குப் பின் பதிந்தது என்றால் ஒவ்வொரு வருடமும் நல்ல தொகை கூடக் கட்டவேண்டும். ஒரே மாதிரி இரண்டு காருக்கு நடுவில் ஒரு திகதி மட்டும்தான் வித்தியாசம்.

இடமும் வேண்டும். ஓடாத காரை "சோர்ன்" என்று அறிவித்தால் வரியும் இன்சூரன்சும் கட்டாமல் வைத்திருக்கலாம், ஆனால் பொதுத் தெருவில் நிறுத்தக்கூடாது. பிளாட்டில் இருந்துகொண்டு தெருவில் கார் விடுபவர் இதை வாங்கக்கூடாது. நாளைக்கு வேலைக்குப் போக ஒரே கார் வேண்டும் என்பவரும் வாங்கக்கூடாது. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகிறவர் நிச்சயமாக வாங்கக்கூடாது. தாங்கிகளை வைத்துவிட்டுத்தான் கீழே போகவேண்டும். "ஆபத்து" என்று அம்மாமார் சொல்வதில் உண்மை அவ்வளவுதான். மற்றபடி எம்ஓடியில் தேறாமல் அது வீதிக்கு வரப்போவதில்லை.

அப்பா சொன்னது

இதுவரை எழுதியதெல்லாம் சுலபம். கடினமானது அப்பாவுக்குப் பதில் சொல்வது.

அப்பா கொக்குவிலில் ஒரு கராஜில் கையாளாக இருந்தவர். 1990இல் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கம் மாதிரி. கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். முதலில் துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் அமுக்கம் குறைந்த எஞ்சின்கள் என்பதால் அதைத் தாங்கின. மோட்டார் சைக்கிளுக்கு சேலைன் குழாயால் பெற்றோல் சொட்டவிட்டார்கள். கப்பலில் வராத சாமானைக் கடைச்சல்காரரிடம் கொடுத்துச் செய்வித்தார்கள். அம்மா என்னைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனது இங்கே, ஆம்புலன்ஸில். ஆனால் என் பெரியம்மா அண்ணாவைப் பெறப் போனது அங்கே, மண்ணெண்ணெயில் ஓடின ஏ40 ஒன்றில். அந்தக் காரைத் திருத்தின கைகளில் அப்பாவின் கையும் ஒன்று.

அப்படிப்பட்ட அப்பா என் காரைப் பார்த்து, "உனக்கு விசரே?" என்றார். நான் விடவில்லை. "நீங்கள் செத்த காருகளை உயிரோடை வச்சிருந்தனீங்கள்தானே?" என்றேன்.

"அது வழியில்லாமல் செய்தது பிள்ளை. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாதெண்டுதான் இஞ்சை வந்தனாங்கள்."

என்னால் அப்போது பதில் சொல்லமுடியவில்லை. இந்த விவாதத்தில் எனக்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருந்தால் அது இதுதான். பிள்ளையின் கையில் கிறீஸ் படக்கூடாது என்று சுப்பர்மார்க்கற்றில் இரவிரவாகப் பெட்டி தூக்கிய ஒருவருக்கு, பிள்ளை காசு கொடுத்துக் கிறீஸை வாங்கி வந்தால் எப்படி இருக்கும்? மூன்று கிழமை அப்பா அந்தக் கார்ப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் என்னோடு கதைக்கவும் இல்லை.

இப்போது பதில் இருக்கிறது. வறுமையை விட்டுவிட்டு வந்தது சரி, அப்பா. கைத்தொழிலையும் ஏன் அதோடு சேர்த்து விட்டுவிட்டு வந்தீர்கள்? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி எறிந்துவிட்டோம். ஊரில் ஏ40க்குக் கீழே கிடந்த மனிதரை "மெக்கானிக் அண்ணை" என்று மரியாதையாகக் கூப்பிட்ட அதே ஆட்கள், இங்கே போனட் திறந்து நின்றால் யன்னல் சீலையை மூடுகிறார்கள். திருத்தத் தெரிந்தவர் ஏழை, தவணை கட்டுபவர் பணக்காரர் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? அதை நம்பியதால்தான் அண்ணாவுக்கு 389 பவுண் சின்னத் தொகையாகத் தெரிந்தது. எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு, ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றும் தோன்றாது.

நாலாவது கிழமை, வேலைக்குப் போகமுன் அப்பா பின்பக்கம் வந்தார். நான் ஒரு நட்டோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டிருக்கவேண்டும். "அப்பிடி இழுத்தால் தலை மழுங்கிப்போகும். இஞ்சை கொண்டா" என்றார். ஸ்பானரை வாங்கி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாகக் கழற்றினார். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனார். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று அம்மா இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்.

எஞ்சினைத் தூக்கியது நாங்கள் மூன்று பேர். திறந்தபோது திருத்துபவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சீல்கள் தேய்ந்து, சுவரின் குறோம் ஒரு இடத்தில் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்து, "ஒயில் காணாமல் ஓடியிருக்கு" என்றார். ரோட்டரி எஞ்சினை அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

உங்களுக்கு

எல்லோரும் செத்த கார் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. காரே வாங்காதவர்தான் கெட்டிக்காரர். ஆனால் வாங்கத்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால், அந்த ஆசைக்கு வெட்கப்படாதீர்கள், அதைத் தவணையாக மாற்றாதீர்கள். கடையில் கையெழுத்துப் போடமுன் மூன்றைக் கேளுங்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு? கடைசி நாளில் கார் யாருடையது? எனக்கு நாளைக்கு வேலை போனால் என்ன நடக்கும்? பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "மாசம் இவ்வளவுதான்" என்று மறுபடி தொடங்கினால் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பிள்ளை பழைய சாமான் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தால் சீலையை மூடாமல் வெளியே வாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் நினைப்பதைவிடக் கூட.

வருகிற சனிக்கிழமை சடன் பக்கம் ஒரு கலியாணம். "உதிலை மட்டும் வந்திடாதை" என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டார். உதில்தான் போகப்போகிறேன். டிக்கிக்குள் ஒரு லீற்றர் ஒயில் இருக்கும். சேலையில் படாமல் ஊற்றுவதற்கு ஒரு புனலும் வாங்கி வைத்திருக்கிறேன். முன் சீற்றில் இருந்து வர அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். அண்ணாவுக்கும் பின்னுக்கு ஒரு இடம் இருக்கிறது, அவருடைய காருக்கு இந்த வருடத்து மைல் முடியப்போகிறதாம்.